லா ஃபேர் போயிட்டு வந்தேன்: ரெக்ரூட்டர்கிட்ட பேசாம திரும்பிடாதீங்க

இங்கிலாந்துல லா படிக்கிற ஜூனியர்ஸ் நிறைய பேர் லா ஃபேருக்கு (சட்ட ஃபர்ம்லாம் ஸ்டால் போட்டு ஸ்டூடன்ட்ஸ சந்திக்கிற நிகழ்ச்சி) போறது வேஸ்ட்டான்னு கேக்குறீங்க, எங்க யுனிவர்சிட்டியில நடந்ததுக்கு போயிட்டு வந்த ஆளா சொல்றேன், கண்டிப்பா போங்க. அக்டோபர், நவம்பர்லதான் பெரும்பாலும் வைப்பாங்க. ஃப்ரீயா குடுக்குற பேனா, துணிப்பைக்காக இல்ல, அங்க வர்ற கிராஜுவேட் ரெக்ரூட்டர்ஸ்கிட்ட பேசுறதுக்காக.

ஒவ்வொரு ஸ்டால்லயும் ட்ரெய்னீஸ் இருப்பாங்க, சிலதுல பார்ட்னர் கூட வருவாங்க, பசங்க மொத்தமும் அவங்கள சுத்தித்தான் நிக்குது. பக்கத்துல நிக்குற ரெக்ரூட்டர் கிட்ட ஆளே இல்ல! அவங்க பெரும்பாலும் வக்கீல் இல்ல, எச்ஆர் டீம்தான், ஆனா லீவுல ஃபர்ம்ல வேலை பழகுற வெக்கேஷன் ஸ்கீம் எப்ப ஓப்பன் ஆகுது, யோசிக்கிற திறமைய சோதிக்கிற வாட்சன் கிளேசர் டெஸ்ட் உண்டா, ஆள் தேர்வு நடக்குற அசெஸ்மென்ட் சென்டர்ல என்ன நடக்கும், இதெல்லாம் அவங்க கையிலதான் இருக்கு, நம்ம அப்ளிகேஷன முதல்ல படிக்கிறதும் நிறைய ஃபர்ம்ல அவங்க டீம்தான். பெரிய ஃபர்ம்லாம் ட்ரெய்னிங் கான்ட்ராக்டுக்கு (சொலிசிட்டர், அதாவது வக்கீல் ஆகறதுக்கு ஃபர்ம்ல எடுக்குற பயிற்சி) ரெண்டு வருஷம் முன்னாடியே ஆள் எடுத்துடுவாங்க, அதனால செகண்ட் இயர்லயே போய் பேசிடுங்க.

வெப்சைட்ல இருக்கிறதையே போய் கேக்காதீங்க ப்ளீஸ். அந்த பயிற்சியில பொதுவா ஆறு மாசத்துக்கு ஒரு சீட்டுன்னு (ஒரு டிபார்ட்மென்ட்ல இருக்குற காலம்) நாலு டிபார்ட்மென்ட் மாறணும், ஆனா ஜோன்ஸ் டேங்கிற ஃபர்ம்ல அந்த சீட் ரொட்டேஷனே கிடையாது, அங்க போய் எத்தனை சீட்டுன்னு கேட்டா ஒண்ணுமே படிக்காம வந்திருக்கோம்னு தெரிஞ்சுடும். நான் சொலிசிட்டர் ஆக எழுதுற எஸ்க்யூஇ பரீட்சை பத்தி கேட்டேன், 2021 செப்டம்பர்ல அது வந்ததுக்கப்புறம் எந்த கோர்ஸுக்கு அனுப்புறாங்க, ஃபீஸ் யாரு கட்டுவா, ஃபெயிலானா என்ன ஆகும்னு. அந்த ரெக்ரூட்டர் அவ்ளோ பொறுமையா, ஒளிவுமறைவில்லாம பதில் சொன்னாங்க, இத எந்த பிரோஷர்லயும் நான் படிச்சதில்ல. வெளிநாட்டுல இருந்து படிக்க வந்தவங்க ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணுவீங்களான்னு நேராவே கேளுங்க, தயங்கவே தயங்காதீங்க, உங்க எதிர்காலமே அதுல இருக்கு.

ஒரு பெரிய குறை இருக்கு. வந்தது எல்லாமே லண்டன் சிட்டியோட கார்ப்பரேட் ஃபர்ம். லீகல் எய்ட் (வசதி இல்லாதவங்களுக்கு அரசு செலவுல சட்ட உதவி), இமிகிரேஷன், ஃபேமிலி கேஸ் பாக்குற சின்ன ஃபர்ம் ஒண்ணு கூட இல்ல, அந்த மாதிரி வேலைக்கு போகணும்னு ஆசைப்படுற என் ஃப்ரெண்டு ஒரு ரவுண்டு சுத்திட்டு முகம் வாடி கிளம்பிட்டா, எனக்கு உண்மையாவே கஷ்டமா இருந்துச்சு. இப்ப சொலிசிட்டர் ஆக தேவையான ரெண்டு வருஷ வேலை அனுபவத்த (குவாலிஃபையிங் வொர்க் எக்ஸ்பீரியன்ஸ்) நாலு இடம் வரைக்கும் பிரிச்சு கூட பண்ணலாம், இலவச சட்ட உதவி தர்ற லா சென்டர்ல, லா கிளினிக்ல பண்ற வேலையையும் கணக்குல சேக்கலாம், இத சொல்றதுக்காவது ஒரு ஸ்டால் போட்டிருக்கணும்.

ஹால் செம கூட்டம், சத்தத்துல பாதி பேச்சு காதுல விழல. கடைசி ஒரு மணி நேரத்துல கூட்டம் குறையும், ரெக்ரூட்டர்ஸும் நிதானமா பேசுவாங்க, அப்ப போங்க. பேசி முடிச்ச உடனே அவங்க பேரையும் சொன்ன விஷயத்தையும் ஃபோன்ல குறிச்சுக்கங்க, நாலு ஸ்டால் தாண்டினா எல்லாம் குழம்பிடும், 'ஏன் எங்க ஃபர்ம்'னு அப்ளிகேஷன்ல கேக்குற இடத்துல எழுத அதுதான் உதவும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த நாலும் ரெக்ரூட்டர்ஸுக்குத்தான்.