கண்டுபிடிப்பதில் கெட்டி, பின்தொடர்வதில்? செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிங்கப்பூர்ச் சேவைகள்

பத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடலாம். குறையைக் கண்டுபிடிப்பதற்கு 9. காதுக்கருவி பொருத்துவதற்கு, மையத்தைப் பொறுத்து, 6 முதல் 8. தமிழ் பேசும் வீட்டுக்குள் அந்தச் சேவை எவ்வளவு தூரம் வந்து சேர்கிறது என்று கேட்டால் 4. அதுவும் தாராளமாகப் போட்டது.

பொது மருத்துவமனைகள் 2000களின் தொடக்கத்திலிருந்தே பிறந்த குழந்தையின் காதைச் சோதித்துவிடுகின்றன. 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் பயிற்சி என்ற 1-3-6 கணக்கில் முதல் படி இங்கே தடங்கலின்றி நடக்கிறது. ஒரு மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் 'பாஸ்' என்ற சொல். ஓஏஇ சோதனை உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை மட்டும் அளக்கிறது, நரம்பைப் பார்ப்பதில்லை. உள்காது நன்றாக இருந்து நரம்புவழி குளறுபடியானாலும் அதில் 'பாஸ்' வந்துவிடும். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு, தலையில் மின்முனை ஒட்டி, ஒலிக்கு நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் ஏபிஆர் சோதனைதான் சரி. இன்னொன்று, 'பாஸ்' அன்றைய நிலவரம் மட்டுமே. பிறவியில் தொற்றிய சைட்டோமெகலோ வைரஸும் சில மரபணுக் காரணங்களும் செவித்திறனைப் பிறகு மெல்ல மெல்லக் குறைக்கும். பேச்சு பிந்தினால் பழைய சீட்டைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் மறுசோதனை கேளுங்கள்.

கருவி பொருத்துவதில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு? பச்சைக்குழந்தையின் காதுக்குழாய் சின்னது. அதே கருவி, அதே அமைப்பு என்றாலும் செவிப்பறையில் விழும் ஒலி பெரியவர்களுக்கு விழுவதைவிடப் பல டெசிபெல் கூடுதல். மென்பொருள் காட்டும் முதல் அமைப்பை அப்படியே ஏற்றி அனுப்பினால் கணக்கு தப்பும். மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு அந்த வித்தியாசத்தை அளக்க வேண்டும், ஆர்இசிடி என்பார்கள். பிறகு சோதனைப் பெட்டியில் மெதுவான, சாதாரணமான, உரத்த பேச்சு மூன்றும் குழந்தைக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். "ஆர்இசிடி எடுத்தீர்களா, வரைபடம் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தவர் தயங்காமல் திரையைத் திருப்பிக் காட்டுவார்.

அடுத்தது அச்சு, அதாவது கருவியைக் காதில் பிடித்து வைக்கும் வார்ப்பு. முதல் வருடத்தில் காது வளரும் வேகத்துக்குச் சில வாரங்களிலேயே அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் கருவி விசிலடிக்கும். விசில் தாங்காமல் பாட்டியோ பணிப்பெண்ணோ கழற்றி வைத்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விசில் வந்த பிறகு அளவெடுத்து, வார்ப்பு வர இரண்டு வாரம் காக்க வைக்கும் மையத்துக்கு மதிப்பெண் குறையுங்கள். நல்ல மையம் இந்த அச்சைக் கொடுக்கும்போதே அடுத்த அளவெடுப்புக்கு நாள் குறித்துவிடும்.

நம்மூர்ப் புழுக்கத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. குளிரூட்டிய அறைக்கும் வெளி வெக்கைக்கும் மாறி மாறிப் போனால் அச்சுக் குழாயில் நீர்முத்து கோத்துக்கொள்ளும். ஒரே ஒரு சொட்டு போதும், ஒலி அடைபட. அச்சைக் கருவியிலிருந்து பிரித்து, ரப்பர் ஊதுகுழலால் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம்தான் சேரும். இரவில் உலர்த்தும் டப்பா கட்டாயம். பேட்டரி மூடி பூட்டுள்ளதாக இருக்கட்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம், பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை தொட்டுப் பார்க்கும் லிங் ஒலிகள் ஆறால்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கருவியை மாட்டியதும், குழந்தைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சாதாரணக் குரலில், வரிசையைக் கலைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். உள்ளங்கையால் வாயை மூடாதீர்கள், ஸ் அங்கேயே செத்துவிடும். கைக்குழந்தை சப்புவதை நிறுத்தும், கண்ணை விரிக்கும். பெரிய பிள்ளை திருப்பிச் சொல்லும். 'ஈ' என்றதற்கு 'ஊ' என்று பதில் வந்தால், இரண்டுக்கும் பொதுவான கீழ் அலைவரிசை மட்டும் எட்டுகிறது, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது எட்டவில்லை என்று அர்த்தம். நேற்று வந்த 'ஸ்' இன்று வராவிட்டால் முதலில் குழாயைப் பாருங்கள்.

இனி அந்த 4. "குழந்தைக்கு ஏற்கெனவே சிரமம், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்ற யோசனை இன்னும் சில அறைகளில் கேட்கிறது. தவறு. குழந்தைக்குத் தேவை நாள் முழுக்கச் சரளமாக வரும் பேச்சு. தமிழில் கதையளக்கும் ஆத்தா அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறினால் பேச்சே சுருங்கி, "கம், ஈட், சிட்" என்று நின்றுவிடும். மொழி வளர்ச்சிச் சோதனைகளோ ஆங்கிலக் குழந்தைகளின் சராசரியை வைத்துச் செய்தவை. தமிழ் வீட்டுப் பிள்ளை அதில் பின்தங்கினால், அது காதாலா மொழியாலா என்று பிரிக்க வழியில்லை. ஆகவே விளையாடும்போது பிள்ளை தமிழில் சொல்லும் 50 வாக்கியங்களைக் கைப்பேசியில் பதிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மையத்துக்குக் கொடுங்கள். 'பால்', 'அம்மா பால்', 'அம்மா பால் குடுங்க' என்று நீள்கிறதா என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

மையங்களை அளப்பதற்கும் அதுதான் அளவுகோல். எத்தனை வகுப்பு நடந்தது, பெற்றோருக்குத் திருப்தியா என்ற கணக்கெல்லாம் அறிக்கைக்கு அழகு, அவ்வளவுதான். 6 மாதத்தில் குறைந்தது 6 மாத மொழி வளர்ச்சி வந்ததா? முதல் சோதனையில் 'பாஸ்' வராதவர்களில் குறை உறுதியான எத்தனை பேர் 6 மாதத்துக்குள் பயிற்சியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவழியில் காணாமல் போனார்கள்? கருவி தானே பதிந்து வைக்கும் பயன்பாட்டுக் கணக்கு, அதாவது டேட்டாலாக், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்கிறது? பாலர் பள்ளி வயதில் 10 மணியாவது வேண்டும். 4 மணி என்று வந்தால் திட்டாமல் காரணம் தேடும் மையம் நல்ல மையம். அணைக்காமல் டப்பாவில் போட்ட கருவியும் மணி ஏற்றும் என்பதால், எவ்வளவு நேரம் அமைதியில் இருந்தது என்ற விவரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் பொம்மை பெற்றோர் கைக்கு வராமல் கடைசிவரை சிகிச்சையாளர் கையிலேயே இருந்தால் அது பாதி வகுப்புதான். சிறப்புத் தேவையுள்ள சிறு குழந்தைகளுக்கான ஈபிக் என்ற ஆரம்பப் பயிற்சித் திட்டத்தில் 2 வயதுக்குட்பட்டோர் பிரிவே பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதை மையமாக வைத்தது.

செலவுக்கு, உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிளின் துணைக்கருவி நிதி உண்டு: குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை, வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. சைகைமொழி வழியைத் தேர்ந்தவர்களுக்கு மேஃபிளவர் தொடக்கப்பள்ளி 2018 முதல் இடம் தருகிறது. பேச்சா சைகையா என்று பெற்றோரை இழுபறியில் விடாமல் இரண்டையும் விளக்கும் மையத்துக்கு அரை மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

பாலர் பள்ளியில் ஓடு பதித்த தரை, சுழலும் மின்விசிறி, இருபது குரல்கள். தூரம் இரட்டித்தால் ஆசிரியை குரல் 6 டெசிபெல் வரை இறங்கும். ஆசிரியை குரலை நேரே கருவிக்கு அனுப்ப அவர் கழுத்தில் மாட்டும் மைக்கை மையமே பள்ளிக்குப் போய் விளக்கிக் கொடுக்கிறதா என்று கேளுங்கள், முக்கியமாக மியூட் பொத்தானை. அதை அழுத்த மறந்து ஆசிரியை வாசலில் நின்று அரட்டையடித்தால், பிள்ளைக்கு அன்றைய பாடம் அந்த அரட்டைதான்.