மிஷ்னாவா, மித்ராஷா? கண்ணுக்குக் கண் சொல்லும் கதை

ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்துவிட்டான். யூத வேதத்தின் யாத்திராகமம் ‘கண்ணுக்குக் கண்’ என்கிறது. ஆனால் ரபிகள் எனும் யூத ஆசான்கள் வாய்மொழியாகக் கற்பித்த சட்டம், பணமாக ஈடு கொடு என்றது. இந்தச் சட்டம் இரண்டு வேறு வடிவங்களில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது: ஒன்று, சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா; மற்றொன்று, வேத வசனங்களைத் தொடர்ந்து உரை சொல்லும் மித்ராஷ்.

மிஷ்னா நேரே கணக்கில் இறங்குகிறது. உடற்சேதம், வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என ஐந்துக்கும் ஈடு தர வேண்டும். சேதத்தை மதிப்பிட, அடிபட்டவனை அடிமைச் சந்தையில் நிறுத்தியதாக எண்ணிக்கொள். முன்பு என்ன விலை போயிருப்பான், இப்போது என்ன போவான்? அவ்வளவுதான். கண் எப்படிப் பணமானது என்று அங்கே ஒரு சொல்கூட இல்லை.

யாத்திராகமத்துக்கான மித்ராஷான மெகில்தா வசனத்தை விட்டு நகர்வதே இல்லை. ‘கண்ணுக்குக் கண் என்றால் பணம்’ என்கிறது. உடனே, ‘பணமா, கண்ணேதானா?’ என்று தன்னைத்தானே மறிக்கிறது. மிருகத்துக்கு நேர்ந்த சேதத்தையும் மனிதனுக்கு நேர்ந்த சேதத்தையும் வேதம் அருகருகே வைத்திருக்கிறது. முன்னதற்குப் பணம் என்றால் பின்னதற்கும் பணமே என்று ரபி இஷ்மவேல் விடை தருகிறார்.

மனப்பாடத்துக்கு மிஷ்னாவை மிஞ்ச முடியாது. கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் ரபி யூதா ஹநாசி அதைத் தொகுத்தபோது, பொருள்வாரியாக ஆறு பிரிவுகளாக்கினார். ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள் ‘நாற்பதில் ஒன்று குறைய’ என்று எண்ணோடு வருவதைப் பாருங்கள்: ஒன்று விடுபட்டாலும் ஒப்பிப்பவனுக்குத் தெரிந்துவிடும். மித்ராஷில் ஒரே பொருள் பற்றிய சட்டங்கள் வசனங்கள் கிடக்கும் இடமெல்லாம் சிதறிக் கிடக்கும். தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

ஆனாலும் என் மனம் மித்ராஷ் பக்கமே சாய்கிறது. சட்டத்தை மட்டுமல்ல, அது பிறந்த வாதத்தையும் அது காட்டுகிறது. ஓய்வுநாள் சட்டங்கள் ‘மயிரிழையில் தொங்கும் மலைகள்’, வேதம் கொஞ்சம், சட்டம் ஏராளம் என்று மிஷ்னாவே ஒப்புக்கொள்கிறது. அந்த மயிரிழையைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசை. இரண்டில் எந்த வடிவம் முந்தியது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வென்றது மிஷ்னாதான், அதற்கான பெரும் உரைத் தொகுப்புகளான இரண்டு தால்முதுகளும் அதன் வரிசையைப் பின்பற்றியே எழுந்தன. ஆனால் பாபிலோனியத் தால்முத் அந்த ஐந்து ஈடுகளுக்கு உரை சொல்லத் தொடங்கும்போது முதலில் கேட்பது இதுதான்: “ஏன்? வேதம் கண்ணுக்குக் கண் என்கிறதே, கண்ணையே எடுக்கலாமே?”