சட்டைக்கு மேல் கட்டும் இதயக் கருவி: 1,480 ரிங்கிட்டுக்கு நான் வாங்கிய பொய்

தந்தையை மருத்துவமனையிலிருந்து நேற்று மாலைதான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிட நினைக்கிறேன். பினாங்கில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில், வார இறுதியில் மட்டும் மேசை போட்டு உடல்நலக் கருவிகள் விற்கும் கடையொன்றில், தோலில் படாமல் சட்டைக்கு மேலேயே கட்டி இதயத் துடிப்பைக் கண்காணிக்கலாம் என்று சொல்லப்பட்ட மார்புப் பட்டை ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் 1,480 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன்.

பட்டர்வொர்த்தில் என்னுடன் வசிக்கும் தந்தைக்கு வயது 74. அவருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு உண்டு. இதயத் துடிப்பை 24 மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்யும் ஹோல்ட்டர் சோதனைக்காக மார்பில் ஒட்டும் மின்முனைகளின் பசை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவந்து கொப்பளித்துவிடும். சென்ற முறை நள்ளிரவில் அவரே பிய்த்துப் போட்டுவிட்டார். ஆகவே, "தோலில் ஒட்ட வேண்டியதில்லை" என்ற பலகையைப் பார்த்ததும் என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

கடையில் இருந்த இளைஞர் தமிழில் பேசினார். "மாமா, சட்டையைக் கழற்ற வேண்டாம், அப்படியே உட்காருங்கள்" என்று தந்தையை நாற்காலியில் அமர்த்தி, பட்டையை இறுகக் கட்டி, கைப்பேசித் திரையில் ஓடிய அலையை அவருக்கே காட்டினார். தன் இதயத்தைத் தன் கண்ணாலேயே பார்ப்பதாகத் தந்தை மகிழ்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பும், "மாமா" என்ற அந்த ஒரு சொல்லும் போதுமானவையாக இருந்தன. பதிவு எண்ணைக் கேட்காமல், நிறுவனத்தின் முகவரியைக் கேட்காமல், க்யூஆர் குறியீட்டை வருடி 1,480 ரிங்கிட்டைச் செலுத்திவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணியளவில் நெஞ்சு படபடப்பதாகத் தந்தை என்னை எழுப்பினார். செயலியைப் பார்த்தேன், நிமிடத்துக்கு 76 என்றும், சீராக உள்ளது என்றும் காட்டியது. "ஒன்றுமில்லை அப்பா, படுங்கள்" என்று நானே சொன்னேன். விடிந்தும் படபடப்பு நிற்காததால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, அங்கு எடுத்த ஈசிஜியில் துடிப்பு 140ஐத் தாண்டியிருந்தது. இப்போது அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் இன்னும் என் கை நடுங்குகிறது.

வீடு திரும்பியதும் அந்தப் பட்டையைப் பிரம்பு நாற்காலியின் முதுகில் கட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கும் நிமிடத்துக்கு 74 துடிப்பு என்று செயலி காட்டியது.

துணிக்கு மேலிருந்து இதயத்தின் மின்னோட்டத்தை அறியும் முறை பொய்யல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உடலும் மின்முனையும் இரு தகடுகளாகவும், நடுவிலுள்ள துணி மின்கடத்தாப் பொருளாகவும் அமைந்து, மின்தேக்கியை (கெப்பாசிட்டர்) போலச் சமிக்ஞை கடந்து வருகிறது. 1960களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள், இன்று கார் இருக்கையிலும் படுக்கையிலும் பொருத்திச் சோதிக்கிறார்கள். ஆனால் தோலின் மேல் அந்தச் சமிக்ஞை ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவே இருப்பதால், நடக்கும்போதும் புரளும்போதும் பட்டை நகர்வதும் துணி உரசி எழும் நிலைமின்சாரமும் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். கடையில் அசையாமல் அமர்ந்திருந்த தந்தை மெல்லிய பருத்திச் சட்டை அணிந்திருந்தார். அலை தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நேர்மையான கருவியாக இருந்தால், சமிக்ஞை இல்லாதபோது இல்லை என்று சொல்லும். இது ஓர் எண்ணை இட்டு நிரப்புகிறது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புகார் சொன்னபோது முதலில் செயலியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். பிறகு சட்டையை இலேசாக நனைத்துக் கட்டச் சொன்னார்கள். 74 வயது நோயாளி இரவில் ஈரச் சட்டையோடு படுக்க வேண்டுமாம். நாற்காலிக் காணொளியை அனுப்பியதும், திருப்பித் தரும் காலமான ஏழு நாட்கள் கடந்துவிட்டன என்றார்கள். கடைசியாக, இது மருத்துவக் கருவியே அல்ல, உடற்பயிற்சிக்கான துணைப்பொருள் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். மேசையில் என்னிடம் இதய நோயாளிகளுக்கென்றே சொல்லித்தான் விற்றார்கள். இன்று காலை முதல் என் புலன (வாட்ஸ்அப்) செய்திகளுக்குப் பதிலே இல்லை. போனது 1,480 ரிங்கிட். தந்தையின் இரண்டு மாத மருந்துச் செலவைவிட அதிகம்.

வாங்க நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. மலேசியாவில் மருத்துவக் கருவி என்று விற்கப்படுவது 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். கடையிலேயே பட்டையைக் கழற்றி ஒரு நாற்காலியில் கட்டிப் பாருங்கள். நோயாளிக்குப் படபடப்பு என்றால் திரையைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே பதியலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட். நான் திங்கட்கிழமை பதியப் போகிறேன். ரசீதை அன்றே படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் என்னுடைய ரசீதில் 1,480 என்ற எண் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது.