காற்புள்ளியின் வால் தெரிய வேண்டும்: மூளை ஸ்பெக்டுக்கு எந்தக் கொலிமேட்டர்?

வேலூரில் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தால் வங்காளம் தானாக ஒட்டிக்கொள்ளும். சிகிச்சைக்காகக் காட்பாடியில் ரயிலிறங்கி வருகிறவர்களில் நிறைய பேர் வங்காளிகள். நான் முதலில் கற்றது "நொர்பேன் நா". அசையாதீங்க என்று அர்த்தம். பாவம், அரை மணி நேரம் அவர்கள் அசையாமல்தான் படுத்திருக்கிறார்கள். அப்படியும் படம் மங்கினால் கேமராவின் முன்தகடான கொலிமேட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

ஸ்பெக்ட் என்பது, ஊசியில் ஏற்றிய கதிரியக்க மருந்து உடலுக்குள்ளிருந்து வீசும் காமா கதிரை, சுற்றி வரும் காமா கேமராவால் பிடித்துக் கட்டும் படம். அந்தக் கேமராவுக்கு லென்ஸ் கிடையாது. காமா கதிரை வளைத்துக் குவிக்க முடியாது என்பதால், ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஈயத் தகட்டை, கதிரை உணரும் டிடெக்டர் கிரிஸ்டலுக்கு முன்னால் மாட்டுகிறோம். நேராக வரும் கதிர் நுழையும், சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கிவிடும். என் மேசையில் பழைய கொலிமேட்டரில் வெட்டிய துண்டு ஒன்று இருக்கிறது. தேன்கூடு மாதிரி அறுகோணத் துளைகள், தீக்குச்சி நுழையாது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் பளிச்சென்று இருக்கும், கொஞ்சம் சாய்த்தால் இருட்டு. ஏறக்குறைய பத்தாயிரம் கதிருக்கு ஒன்றுதான் தப்பித்து உள்ளே போகிறது. இந்த ஒன்றை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் டிசைன்களுக்குள் போட்டி.

எல்லா இடத்திலும் இருப்பது பேரலல் ஹோல், துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக நேரே போகும் வகை. எலும்பு ஸ்கேனுக்கும் அதே, தலைக்கும் அதே. துளை 1.5 மி.மீ., நீளம் 24 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையின் மையம் 13 செ.மீ. தள்ளி இருந்தால் ஒரு புள்ளி சுமார் 9.6 மி.மீ. அகலத்துக்குப் பரவும். 20 செ.மீ. தள்ளினால் 14 மி.மீ. தகடு மாறவில்லை, தூரம் மட்டும்தான் மாறியது.

இந்த வித்தியாசம் பெரிதா? பார்க்கின்சன் சந்தேகத்துக்கு எடுக்கும் டிரோடாட் ஸ்கேனில் நல்ல மூளையின் ஸ்ட்ரையாட்டம் (அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்பகுதி) இரு பக்கமும் காற்புள்ளி போலத் தெரியும். நோய் வந்தால் வால் மங்கி முற்றுப்புள்ளியாகிவிடும். வாலின் அகலமே ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான். 14 மி.மீ. மங்கலில், நோயே இல்லாதவருக்கும் வால் தேய்ந்ததாகத் தோன்றலாம். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், தோளில் இடித்துவிடக் கூடாது என்று எல்லோருக்கும் 20 செ.மீ. சுற்றளவில் ஓட்டுவார்கள்... இல்லை, ஆரத்தில். அந்தப் படங்களை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

துளையைச் சிறிதாக்கினால் போதாதா என்பவர்களுக்காக அல்ட்ரா ஹை ரெசல்யூஷன் வகை உண்டு. ஆனால் கூர்மையை இரட்டிப்பாக்கினால் கவுண்ட், அதாவது பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கை, கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகிவிடும். கவுண்ட் குறைந்தால் படம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். நேரத்தைக் கூட்டி ஈடுகட்டலாம்தான், ஆனால் நடுக்கம் உள்ள பெரியவர் ஒரு மணி நேரம் படுப்பாரா?

அதனால் மூளைக்கு எனக்குப் பிடித்தது ஃபேன் பீம். துளைகள் விசிறி மடிப்பு போலத் தலைக்கு அப்பால் ஒரு கோட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலை டிடெக்டரில் பெரிதாக விழுகிறது, வெறுமனே கிடக்கும் ஓரங்களும் வேலை செய்கின்றன. அதே கூர்மைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கவுண்ட் கிடைக்கும். விலை? தலையை நடுவில் வைக்காவிட்டால் ஓரம் வெட்டுப்படும். மென்பொருளும் விசிறிக் கணக்கைப் புரிந்திருக்க வேண்டும். அப்புறம், மூளை ஸ்கேன் முடிந்ததும் எலும்பு ஸ்கேனுக்காக வண்டியில் வைத்துத் தகட்டை மாற்றியாக வேண்டும். நெரிசலான காலைவேளையில் இது சின்ன வேலை இல்லை.

கோன் பீம் இன்னும் அதிகக் கவுண்ட் தரும், ஆனால் ஒரே வட்டத்தில் சுற்றினால் தரவு முழுமையாகாது, உச்சியும் அடியும் இழுபடும். அதை விட்டுவிடலாம்.

மல்ட்டி பின்ஹோல் வேறு ரகம். டங்ஸ்டன் விளிம்புள்ள சில ஊசித்துளைகள், துளைக்கு நெருக்கமான பொருள் பெரிதாக விழும். நடுவில் இருக்கும் ஸ்ட்ரையாட்டத்துக்கு அருமை. முழு மூளை ரத்த ஓட்டம் பார்க்க எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற மருந்தைப் போட்டால், பார்வைப்புலத்துக்கு வெளியே போகும் பகுதிகளை என்ன செய்வது? டிரோடாட் மட்டுமே எடுக்கும் மையத்துக்குச் சரி, நம்மூர்க் கலவைக்கு ஒத்துவராது.

தகடே மாற்றாத போட்டியாளர் ஒன்றும் இருக்கிறது: கொலிமேட்டரின் மங்கலைக் கணக்கில் சேர்த்துப் படத்தைக் கட்டும் மென்பொருள். பணம் குறைவென்றால் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். விளிம்புகளில் பொய்யான பளபளப்பு காட்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு நாலைந்து மூளை ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பேரலல் ஹோலும் இதுவும் போதும். தினமும் வரிசை நின்றால் ஃபேன் பீமுக்குக் கேட்டு எழுதுங்கள்.

எதை மாட்டினாலும் தோள் குறுக்கே நிற்கும். போன வாரம் குடியாத்தத்திலிருந்து வந்த நெசவாளர் ஒருவர், அகலமான தோள். 17 செ.மீ.க்குக் கீழே டிடெக்டர் வரவில்லை. "ஐயா, கையைக் காலைப் பார்த்து நல்லா இழுத்துக்குங்க" என்றேன். அவரே துண்டைப் பாதத்தில் மாட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டார். தோள் இறங்கியது, தலையணைத் தாங்கியை இரண்டு விரல் நீட்டினேன். 14-இல் ஓடியது.