சம்பளமில்லாத வக்கீல்: சாம் பெனட்டோடு நான்கு ஆண்டுகள்

ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தப்பா மகன் 2025 ஜூலையில் ஒரு செய்தி அனுப்பினான். “அண்ணா, எங்கள் அணி வான்கூவரிலிருந்து டகோட்டா ஜோஷுவாவை எடுத்திருக்கிறது. ஆறடி மூன்றங்குலம். நன்றாக மோதுவாராம். அப்படி ஓர் ஆளை நீங்கள் நான்கு வருடமாக வைத்திருக்கிறீர்களே, காசுக்குத் தகுமா? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?” டொரன்டோ அணியின் ரசிகன் என்னிடம் வந்து பெனட்டைப் பற்றி விசாரிக்கிறான் என்றால் அதில் பாதி கேள்வி, பாதி குத்தல். குத்தலுக்கான காரணம் கீழே வரும்.

நான் வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் ஃபுளோரிடா பேந்தர்ஸ் ரசிகன். சாம் பெனட் எங்கள் முன்கள வீரர். சன்ரைஸ் அரங்கத்தில் மேல் அடுக்கு டிக்கெட்தான் எனக்குக் கட்டுபடியாகும். பெனட்டின் உயரம், எடை, எந்தக் கை ஆட்டக்காரர் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். விலையை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 2025 ஜூன் கடைசியில் அது ஏறிவிட்டது. 2021 ஏப்ரல் 12 அன்று கால்கரியிலிருந்து அவரை எடுக்க நாங்கள் கொடுத்தது எமில் ஹைனமன் என்ற இளம் வீரரையும், 2022 டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும்தான். அவர்கள் ஓர் ஆறாம் சுற்று வாய்ப்பைக் கொசுறாகப் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது சம்பளம் ஆண்டுக்கு 25.5 லட்சம் டாலர். அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு 44.25 லட்சம். இப்போது 80 லட்சம், எட்டு ஆண்டுகளுக்கு.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். ஹாக்கியிலும் உண்டு. 2014 டிராஃப்டுக்கு முன் நடந்த உடற்தகுதிச் சோதனையில், கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுக்கச் சொன்னார்கள். பெனட்டால் ஒரு தடவைகூட முடியவில்லை. பூஜ்யம். ஊரே சிரித்தது. கால்கரி பொருட்படுத்தாமல் நான்காவது ஆளாக அவரை எடுத்தது. அந்த வருடம் முதலில் போனவர் ஏரன் எக்பிளாட், இரண்டாவது சாம் ரைன்ஹார்ட், மூன்றாவது லியோன் டிரைசைட்டில். அந்த நால்வரில் மூவர் பின்னாளில் எங்கள் அணியில் சேர்ந்து, மிச்சமிருந்த டிரைசைட்டிலின் எட்மன்டனை 2024, 2025 இரண்டு ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடர்களிலும் வீழ்த்தினார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

கால்கரியில் ஏன் சரிப்படவில்லை என்பதற்கு என்னிடம் பெரிய விளக்கம் இல்லை. 2016 ஜனவரியில், பத்தொன்பது வயதில், ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார், அதுவும் எங்களுக்கு எதிராக. அதன் பிறகு வருடக்கணக்கில் ஓரத்திலும் பின்வரிசையிலும் நிறுத்தி வைத்தார்கள். 2021 பருவத்தில் அங்கே 38 ஆட்டங்களில் 12 புள்ளிகள் (அடித்த கோலும், அடிக்க உதவிய கோலும் சேர்த்து). இங்கே வந்து நடுவில் நின்றதும் 10 ஆட்டங்களில் 15 புள்ளிகள். பொருள் அதேதான், வைத்த இடம் வேறு. தம்பி, ஜோஷுவா விஷயத்தில் நீ முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அவர் எவ்வளவு பலமாக மோதுகிறார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, எனக்குக் கிடைத்த எதிர்பாராத இன்பத்துக்கு வருகிறேன். முரட்டு ஆள் என்றால் எதிரியை ஆடுகளத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் சாத்துவார், கூட்டம் எழுந்து கத்தும், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். டிவியில் பார்த்தால் அவ்வளவுதான் தெரியும், ஏனென்றால் பந்துக்குப் பதிலாக இருக்கும் பக் என்ற ரப்பர் வட்டு போகிற இடத்துக்குத்தான் கேமரா போகும். மேல் அடுக்கில் உட்கார்ந்தால் வேறொன்று தெரிகிறது. நம் ஆட்கள் பக்கை எதிரணி மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதை எடுக்கப் பின்கள வீரர் திரும்பி ஓடுகிறார். பெனட் அவர் பின்னால் போகிறார். அந்தப் பின்கள வீரர் பக்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள், அந்த ஒரு பார்வைக்குத்தான் 80 லட்சம். பார்த்த பிறகு அவசரப்படுவார். நிதானமாகக் கொடுத்திருந்தால் சரியாகப் போயிருக்கும் பாஸ் ஓரடி தள்ளிப் போகும், அங்கே எங்கள் மேத்யூ கச்சக்கோ கார்ட்டர் வெர்ஹேகியோ நிற்பார்கள். மோதலே நடந்திருக்காது. எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியில் எதிரணிப் பின்கள வீரர்கள் மூலைக்குப் போகும் வேகம் குறைவதை நான் மேலேயிருந்து பார்த்திருக்கிறேன்.

பெரிய ஆட்டங்களில் பயந்து ஒதுங்குகிற சுபாவமும் இல்லை. 2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியில் கனடாவுக்காக ஆடினார். அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டம் தொடங்கி ஒன்பது விநாடிக்குள் மூன்று சண்டை. அதில் பெனட்டின் பங்கு பிரேடி கச்சக், அதாவது இங்கே தோளோடு தோள் நின்று ஆடும் மேத்யூவின் சொந்தத் தம்பி. ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் நடந்த இறுதியாட்டத்தில் 2-2 என்று சமன் செய்த கோலும் அவருடையதுதான். கனடா கூடுதல் நேரத்தில் வென்றது.

இத்தனை நல்லது சொல்லிவிட்டேன். இப்போது எரிச்சல்.

தவறு செய்து வெளியே உட்கார வேண்டிய பெனால்டி நிமிடங்கள் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, அவை விலையோடு சேர்ந்தவை. என் எரிச்சல் வேறு. இந்த மனிதர் என்னை நான்காண்டுகளாகச் சம்பளமில்லாத வக்கீலாக வைத்திருக்கிறார். வந்து சேர்ந்த வருடமே, டாம்பாவுடன் நடந்த பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்று) தொடரின் முதல் ஆட்டத்தில் பிளேக் கோல்மனைப் பின்னாலிருந்து பலகையில் தள்ளி, ஓர் ஆட்டம் தடை வாங்கினார். 2022 ஜனவரியில் செட்ரிக் பகெட்டின் தலையில் மோதி மூன்று ஆட்டம். 2024 மே மாதம் பிளேஆஃபில் பாஸ்டனின் பிராட் மார்ச்சண்டின் முகத்தில் கைமுட்டி பட்டது. பட்டதா, குத்தினாரா? நான் எத்தனை கோணத்தில் அதை ஓட்டிப் பார்த்து, “மார்ச்சண்டுதானே மோத வந்தார், இவர் தடுத்துக்கொண்டார்” என்று அலுவலகத்தில் வாதாடினேன் தெரியுமா? மார்ச்சண்ட் இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார். அதில் முதல் ஆட்டத்திலேயே பெனட், சார்லி கோய்லை கோல்கீப்பர் மேல் தள்ளிவிட்டுச் சமன் கோல் அடித்தார். பாஸ்டன் முறையிட்டது, கோல் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் என் பங்குக்கு மறுபடி வாதாடினேன். பத்து மாதத்தில் அதே மார்ச்சண்ட் எங்கள் அணிக்கே வந்து, இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். சம்பந்தப்பட்டவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். வக்கீல் மட்டும் நடுத்தெருவில்.

பிறகு ஸ்டோலார்ஸ். தம்பியின் குத்தல் இதுதான். 2025 மே 5, டொரன்டோவுடனான பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டம், அவர்கள் ஊரில். கோல் கட்டத்தைக் கடக்கும்போது பெனட்டின் முழங்கை அவர்கள் கோல்கீப்பர் ஆந்தனி ஸ்டோலார்ஸின் தலையில் பட்டது. நடுவர் பெனால்டி கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் ஸ்டோலார்ஸ் இருக்கைப் பக்கம் வந்து வாந்தி எடுத்தார், மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தொடரில் பிறகு அவர் ஆடவில்லை. லீகும் தண்டனை எதுவும் தரவில்லை. அன்று இரவு தம்பி போன் செய்தபோது என் வாதம் தயாராக இருந்தது: அதே ஆட்டத்தில் முன்னதாக ஒரு ஷாட் அவருடைய முகக்கவசத்தில் பட்டதே, அதுவும் காரணமாக இருக்கலாமே. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாய் கூசியது. முந்தைய பருவத்தில் அந்த ஸ்டோலார்ஸ் எங்கள் அணியின் இரண்டாம் கோல்கீப்பர். 2024 கோப்பையில் அவருக்கும் பங்கு உண்டு. பெனட்டோடு ஓர் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தவர். தெரியாமல் பட்டிருக்கலாம். ஆனால் தெரியாமல் படுவதெல்லாம் ஏன் எப்போதும் இவருடைய முழங்கையாகவே இருக்கிறது என்று தம்பி கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தொடரை ஏழாவது ஆட்டத்தில், அவர்கள் ஊரிலேயே, 6-1 என்று வென்றோம். தம்பிக்கு நான் போன் செய்யவில்லை.

இன்னொரு சில்லறைக் குறை. அந்தப் பிளேஆஃபில் 15 கோல், லீகிலேயே அதிகம், பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதும் அவருக்கே. ஆனால் அந்த 15-இல் 13 வெளியூரில் அடித்தவை. ஒரே பிளேஆஃபில் வெளியூர்க் கோல்களுக்கு அது என்.எச்.எல். சாதனை. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. காசு கொடுத்து சன்ரைஸில் உட்கார்ந்தவர்களுக்கு மிச்சம் இரண்டே கோல். அதில் ஒன்றின்போது நான் பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

புதிய விலைக்கு வருவோம். 2025-26 பருவத்தில் ஓர் அணி சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 9.55 கோடி டாலர், அதில் 80 லட்சம் இவருக்கு. ஒப்பந்தம் போட்டபோது வயது 29, முடியும்போது 37. மோதிப் பிழைக்கிறவர்களின் உடம்பு சீக்கிரம் தேயும். மிலன் லூசிச்சை எட்மன்டன் 2016-இல் ஏழு வருடம், 4.2 கோடி டாலர் என்று எடுத்தது. மூன்றாவது பருவத்தில் அவர் அடித்தது ஆறு கோல், அடுத்த கோடையில் கைமாற்றிவிட்டார்கள். உன் ஜோஷுவா அவ்வளவு கனமான சரக்கு இல்லை. ஒரு பருவத்தில் 18 கோல் அடித்தவர், அடுத்ததில் 7. ஆண்டுக்கு 32.5 லட்சம். நீங்கள் கொடுத்ததும் ஒரு நான்காம் சுற்று வாய்ப்பு மட்டுமே. கெட்டாலும் வீடு விற்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் பெனட்டை எதிர்பார்க்காதே. மூலையில் பின்கள வீரர் திரும்பிப் பார்க்கிறாரா, அதை மட்டும் கவனி.

மதிப்பெண் கேட்டாய். கோப்பையை வென்ற ஜூன் 17 இரவு கேட்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து, மேலே ஒரு தேங்காயும் உடைத்திருப்பேன். இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. வாங்கச் சொல்லவும் மாட்டேன். இதை எழுத உட்காருவதற்கு முன், நீ அனுப்பிய ஸ்டோலார்ஸ் காட்சியை இன்னொரு தடவை பார்த்துத் தொலைத்துவிட்டேன். அக்டோபரில் ஆட்டம் தொடங்கியதும் கேள், வேறு எண் சொல்வேன். வழக்கு ஏதாவது வந்தாலும் பழைய கூலிக்கே எடுத்துக்கொள்வேன்.