காலைப் பார்த்து பேஸ் வாங்குங்கள்: ரெசினா, கார்க்கா, பிரிண்டா?

மேசை விளையாட்டு மினியேச்சருக்கு, அதாவது சின்னப் போர்வீரப் பொம்மைக்கு, அலங்கார பேஸ் (அது நிற்கும் அடித்தட்டு) தேடுகிறவர்கள் பெரும்பாலும் பேஸின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். உடைந்த தூண், விரிசல் விட்ட கல்தளம், குழாயும் கம்பி வலையுமாக ஒரு தொழிற்சாலைத் தரை, எல்லாமே அழகுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது பொம்மையின் பாதத்தை. இரண்டு காலும் தட்டையாக ஊன்றி நிற்கிறதா, ஒற்றைக் காலில் ஓடுகிறதா, காலடியில் ஏற்கெனவே ஒரு பாறை வார்க்கப்பட்டிருக்கிறதா, உலோகப் பொம்மை என்றால் காலுக்குக் கீழே பட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்த மாதிரி.

என் கையில் இருப்பது பெரும்பாலும் வார்ஹாமர் 40,000 என்ற போர் விளையாட்டின் பொம்மைகள், கொஞ்சம் இன்ஃபினிட்டி என்ற இன்னொரு விளையாட்டினுடையவை. போன வருடம் பத்து இன்டர்செஸர்களுக்காக (வார்ஹாமர் காலாட்படை வீரர்கள்) 32 மி.மீ. ரெசின் பேஸ், அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசினில் செய்தது, ஒரு செட் வாங்கினேன், பழைய கோயில் தரை மாதிரி கல்பாவிய வடிவம். எட்டு பேர் அழகாக நின்றார்கள். ஒன்பதாவது ஆளின் குதிகால் ஒரு உடைந்த கல்லின் மேல், முன்பாதம் அந்தரத்தில். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நூல் அளவு வெளிச்சம் தெரிந்தது. எவ்வளவு நன்றாக வண்ணம் அடித்தாலும் அந்த வெளிச்சக் கோடு இருக்கும்வரை பொம்மை தரையில் நிற்பதாகத் தோன்றாது, மிதப்பதாகத்தான் தோன்றும்.

சரி செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பாதத்தின் வெளிக்கோட்டைப் பென்சிலால் கல்லில் வரைந்துகொண்டு, மேடாக இருக்கும் இடத்தை மட்டும் தட்டை முனைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். பிறகு கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்து வைத்தால் இறுகும் புட்டியை மிளகளவு உருட்டி அங்கே வைத்து, பாதத்தை நனைத்து அழுத்தி எடுத்தால் அச்சு விழுந்துவிடும், இறுகியதும் ஒட்டலாம். நம் ஊரில் கிரீன் ஸ்டஃப் சட்டென்று கிடைக்காது என்றால் எம்-சீல் போதும். நுணுக்கமாகச் செதுக்க அது ஒத்துழைக்காது, ஆனால் இடைவெளி அடைக்க நன்றாகவே உதவும்.

ஒட்டுவதில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கான சிமென்ட் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைப்பது, ரெசினை அது தொடவே தொடாது. பொம்மை பிளாஸ்டிக்காக இருந்தாலும் கீழே ரெசின் என்றால் சூப்பர் குளூ வகைதான், நம் கடைகளில் ஃபெவிக்விக். அதுவும் அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப்பசை ரெசினில் மிச்சமிருந்தால் பிடிக்காது, வண்ணமும் உரிந்துவரும். வந்தவுடன் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைத்துவிடுங்கள். அடிப்பக்கம் வளைந்திருந்தால் சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டு, இளகியதும் கண்ணாடி மேல் வைத்து அழுத்தி, குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் நேராகும். என் செட்டில் இரண்டு அப்படித்தான் வந்தன. தேய்ப்பது, அறுப்பது எல்லாம் உப்புத்தாளை நனைத்துக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு. ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, இதில் சமரசமே வேண்டாம்.

இப்போது கார்க். சாதாரண பிளாஸ்டிக் பேஸ், மேலே பிய்த்த கார்க் ஷீட், இடுக்கில் சலித்த மணல். கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் ஓரம் அப்படியே பாறை மாதிரி வரும், அதன்மேல் வண்ணத்தைத் துடைத்த உலர்ந்த தூரிகையை இழுத்தால் கிடைக்கும் கல்தோற்றத்தை மலிவில் வேறு எதுவும் தராது. இதன் பெரிய பலமே, பொம்மைக்கு ஏற்ற மாதிரி தரையை நாம் கட்டுகிறோம் என்பது. ஒற்றைக் காலில் ஓடுகிறவனுக்கு அந்தக் காலின் கீழ் ஒரு படி, குனிந்து சுடுகிறவனுக்கு முழங்கால் அளவில் ஒரு திட்டு. குறை என்னவென்றால் கார்க் பஞ்சு மாதிரி, பொம்மையை நிலையாக நிறுத்த அதில் குத்திய கம்பி ஆடும். கால் வழியாக இறங்கும் 1 மி.மீ. பித்தளைக் கம்பி, இல்லையென்றால் பேப்பர் கிளிப் துண்டு, கார்க்கைத் தாண்டி அடி பிளாஸ்டிக்வரை போக வேண்டும். கல்பாவிய தரை, இரும்புத் தகடு மாதிரி கூர்மையான செயற்கை வடிவங்களும் கார்க்கில் வராது, அங்கே ரெசின்தான் ஜெயிக்கும்.

இரண்டாம் உலகப்போர் விளையாட்டான போல்ட் ஆக்‌ஷன் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். உலோக வீரர்கள் பலருக்குக் காலடியிலேயே ஒரு சின்ன உலோகத் திட்டு சேர்ந்து வார்க்கப்பட்டிருக்கும். அதை வெட்டியெடுத்து அலங்கார ரெசின் மேல் நிறுத்துவது வீண் வேலை. வெறும் பேஸில் ஒட்டி, சுற்றிலும் மண்பூச்சு போட்டுத் திட்டை மறைத்துவிடுங்கள்.

வீட்டில் ரெசின் 3டி பிரிண்டர் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. ஒரு கோப்பு வாங்கினால் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், பொம்மையைப் பெட்டியில் பிடித்துவைக்கும் காந்தத்துக்கான குழியைக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும் வார்ப்பு ரெசின் பெரும்பாலும் அடிவரை கெட்டியாக இருப்பதால் 5 மி.மீ. காந்தத்துக்கு நாமே குழி தோண்ட வேண்டும், அதில் எவ்வளவு தூசி என்று தோண்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் பிரிண்ட் எடுத்த ரெசின் பொதுவாக எளிதில் நொறுங்கும். ஓரத்துக்கு அருகே துளை போடும்போது மோட்டார் வேண்டாம், கைத்துளைப்பான் போதும். தட்டின் மேல் நேரடியாக அச்சிட்டால் முதல் அடுக்குகள் லேசாகப் பரந்துவிடும், 32 என்று நினைத்தது சற்றுக் கூடியிருக்கும், அரத்தால் சுற்றி ஒரு தேய் தேய்க்க வேண்டும். கழுவி முழுதாக இறுகவைக்கும்வரை வெறுங்கையால் தொடவும் கூடாது.

உயரம்தான் வாங்கும்போது யாரும் யோசிக்காதது. ரெசின் பேஸ் பொம்மையைச் சில மில்லிமீட்டர் தூக்கிவிடும். இன்ஃபினிட்டியில் எஸ்2 என்ற அளவுப் பிரிவு ஆளுக்கு 25 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம் என்று சில்லவுட் (பார்வைக்குக் கணக்கில் எடுக்கும் உருவ அளவு) நிர்ணயிக்கப்பட்டிருப்பதால் பேஸ் உயர்ந்தாலும் பார்வைக்கோடு மாறாது. பொம்மையின் கண் மட்டத்தில் குனிந்து பார்த்து முடிவு செய்யும் விளையாட்டில், பாறை உச்சியில் நிற்கிறவன் எல்லார் கண்ணிலும் படுவான். தலைவனுக்கு அது அழகு, பதுங்கிச் சுடுகிறவனுக்கு ஆபத்து. 2024 ஜனவரியில் வந்த தி ஓல்ட் வேர்ல்ட் என்ற வார்ஹாமர் விளையாட்டில் சதுர பேஸ்கள் வரிசையாக ஒட்டி நிற்க வேண்டும், மனிதக் காலாட்படைக்கு 25 மி.மீ., ஆர்க்குகள் என்ற கற்பனை அரக்க வீரர்களுக்கு 30. அங்கே ஓரத்தைத் தாண்டி ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தாலும் வரிசை கலையும், அப்படிப்பட்ட ரெசினை அந்த விளையாட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி, வார்ப்பு ரெசினையும் கார்க்கையும் கலப்பது. தலைவனுக்கும் 90 மி.மீ. வட்டத்தில் நிற்கும் ரெடெம்ப்டர் ட்ரெட்நாட் என்ற பெரிய நடக்கும் போர் இயந்திரத்துக்கும் வார்ப்பு ரெசின். அகலப் பாதமும் பெரிய வட்டமும் இருப்பதால் அந்தச் சிற்ப வேலை அங்கேதான் முழுதாகத் தெரிகிறது, 32 மி.மீ.யில் பாதிக் கல்லைப் பூட்ஸே மூடிவிடும். மற்ற படைக்குக் கார்க். இரண்டும் ஒரே நிலத்தைச் சேர்ந்ததாகத் தெரிய, ரெசின் செட்டில் வளைந்து உதவாமல் போன பேஸை ரம்பத்தால் அறுத்து, இரண்டொரு கல்துண்டுகளைக் கார்க் பேஸ்களில் பதித்துவிடுவேன். அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல், ஒரே மண் நிறம், ஒரே மாதிரி கறுப்பு விளிம்பு. ஒரே வடிவ பேஸ் படையில் இரண்டு முறை வந்தால் ஒன்றை அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டு, பொம்மையை வேறு கல்லின் மேல் நிறுத்துகிறேன்.