வைரஸ் பூட்டிய ஃபைலை மீட்டுத் தருகிறேன் என்று 6,800 வெள்ளி: பினாங்கு மக்களே, ஏமாறாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். அப்புறம் உங்களில் யாராவது அதே கடைப் படியேறிப் போவீர்கள். எங்களுக்குப் போனது 6,800 வெள்ளி (ரிங்கிட்). இமெயிலில் வந்த ஒரு அட்டாச்மெண்டில் தொடங்கிய வினை இது. ஆனால் அந்த 6,800 வெள்ளியில் வைரஸ் அனுப்பியவன் கைக்கு ஒரு காசுகூடப் போகவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, "நான் பாத்துக்கிறேன் அக்கா" என்று சொன்ன கம்ப்யூட்டர் கடைக்காரர்.

ஜார்ஜ்டவுனில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப் பந்தலுக்குப் பேனர். தெரியாத அட்டாச்மெண்டைத் திறக்காதீர்கள் என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள். அச்சகக்காரர்கள் என்ன செய்வது? அடுத்தவர் அனுப்பும் ஃபைலைத் திறப்பதுதான் எங்கள் பிழைப்பே. இறந்துபோன அப்பாவின் படத்தை மகன் இரவு பதினொரு மணிக்கு அனுப்புவார், விடிந்தால் அச்சாகி இருக்க வேண்டும். நீங்கள் யார், எவர் என்று விசாரித்துக்கொண்டு உட்கார முடியாது.

அன்றைக்கு வந்த மெயில் தெரியாதவரிடமிருந்தும் வரவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்திருந்த வாடிக்கையாளரின் முகவரியிலிருந்தே வந்தது. முந்தின வாரம் நாங்கள் அவருக்கு அனுப்பிய மெயில் கீழே அப்படியே இருந்தது. மேலே மலாயில் இரண்டு வரி: திருத்தம் இணைத்திருக்கிறேன், திறக்க பாஸ்வேர்ட் இது. டிசைன் பார்க்கும் தம்பி ஜிப்பைத் திறந்தான். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு ஃபைல். சொடுக்கினான், ஒன்றும் வரவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கும், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டான். அவனை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். நாமே அனுப்பிய பத்திரிகை மெயிலுக்குப் பதில் போல வந்ததை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் காலை கடை திறந்தபோது கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலும் வெள்ளைத் தாள் படமாக நின்றன. ஒவ்வொரு பெயரின் வாலிலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே குறிப்பு: உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டுள்ளன, பிட்காயினில் பணம் கட்டினால் சாவி தருவோம். பத்து வருஷத்துக்கு மேல் சேர்த்த பத்திரிகை டிசைன், வாடிக்கையாளர் படங்கள், அச்சுக்குப் போகத் தயாராக இருந்த ஒரு கோயிலின் கும்பாபிஷேகச் சிறப்பு மலர், எல்லாம். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரும் அதே கதி. பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்தோம். அதுவும் பூட்டிக் கிடந்தது.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். அதை வைத்துக் கொடுத்ததும் முதலில் சொன்ன அதே கடைக்காரர்தான். தீவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் விற்று, பழுதும் பார்க்கிற கடை அவருடையது. நம் தமிழர் கடை. அதனால்தான் போனோம். இந்த வருஷத் தொடக்கத்தில் அவர்தான் 800 வெள்ளி வாங்கிக்கொண்டு "வருஷம் முழுக்கப் பாதுகாப்பு" என்று ஆன்டிவைரஸ் போட்டு, பேக்கப்பும் வைத்துக் கொடுத்தார். "கழட்டவே கழட்டாதீங்க அக்கா, சொருகியே இருக்கட்டும், தானா பேக்கப் ஆகிடும்" என்றது அவர் வாய். எப்போதும் சொருகியிருக்கும் டிஸ்க்கை வைரஸும் சேர்த்தே பூட்டும் என்பது இந்தத் தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தும் சொல்லவில்லை என்றால் அது வேறு பாவம்.

ஃபோன் போட்டதும் அரை மணியில் வந்துவிட்டார். என்னுடைய நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, தலையை ஆட்டினார். "வேற கடைக்காரங்களால இது முடியாது அக்கா. எங்களுக்குக் கோலாலம்பூர்ல லேப் இருக்கு, அங்க இதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் இருக்கு. தொண்ணூறு விழுக்காடு கொண்டு வந்துடலாம்." நான் கும்பாபிஷேக மலரைச் சொல்லி அழுதுவிட்டேன். "முருகனுக்குச் செய்யற வேலை அக்கா, எங்க போயிடும்? நான் இருக்கேன்ல" என்றார். கழுத்தில் வெள்ளி வேல் போட்ட சங்கிலி. அந்த ஒரு வார்த்தைதான். என் வீட்டுக்காரர் அங்கேயே முன்பணம் 2,000 வெள்ளி மாற்றிவிட்டார். இரண்டு நாள் கழித்து, "லேப்ல சாவி கிடைச்சிடுச்சு, மீதி கட்டினா இன்னிக்கே ஓட விட்டுடுவாங்க" என்று ஃபோன். இன்னொரு 4,000. ஆகக் கூடி 6,800 வெள்ளி.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஃபோன் போட்டால் "ப்ரோசஸ் ஓடுது அக்கா". மறுபடி போட்டால் லேப் ஆள் லீவு. நேரில் போனால் தவுக்கே (முதலாளி) ஈப்போவில் இருக்கிறார், கடைப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. வாட்ஸாப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. ஒரு நாள் வேறு நம்பரிலிருந்து அழைத்தேன், உடனே எடுத்தார். என் குரல் கேட்டதும் "டிரைவிங் அக்கா" என்று வைத்துவிட்டார். கோயில் கமிட்டித் தலைவர் என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்த நாளில்தான் அது நடந்தது. அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த லேப்பின் முகவரி கேட்டேன், "கம்பெனி ரகசியம்". ரசீதில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் நிதானமாகப் பார்த்தோம்: "சர்வீஸ்". அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில், கட்டிய பணம் திருப்பித் தரப்படாது.

கடைசியில் ஒரு பென்டிரைவ் வந்தது. கடைப் பையன் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு நிற்காமல் போனான். திறந்தால் ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். பாதி, என்றைக்கோ நாங்களே அழித்த பழைய படங்கள். ஒரு மாப்பிள்ளை படம் நெற்றி வரை தெளிவாக இருந்தது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் கோடு. மீதி எல்லாம் வலைத்தளங்களைப் பார்க்கும்போது கம்ப்யூட்டரில் தங்கிவிடும் சில்லறைப் படங்கள், விளம்பரம், பொத்தான், கொடி. பூட்டப்பட்ட ஃபைல் ஒன்றுகூட அதில் இல்லை. இதற்குத்தான் 6,800 வெள்ளி.

என் அண்ணன் மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்தான். அவர் போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் முப்பது நாள் இலவசமாக ஓடும் சோதனைப் பதிப்பு; காலாவதியாகி மாதக்கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. பென்டிரைவில் இருந்ததெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அழித்ததைத் தேடி எடுக்கும் மென்பொருளின் வேலை. இந்த வகை வைரஸ் போடும் பூட்டை, ஒழுங்காகப் போட்டிருந்தால், சாவி இல்லாமல் எந்த லேப்பும் திறக்க முடியாது என்றான். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் இவை முதல் வேலையாக அழித்துவிடுமாம். சில வகைகளுக்கு மட்டும் போலீஸ் கைப்பற்றிய சாவியோ, வைரஸ் எழுதியவனின் தவறால் கிடைத்த வழியோ உண்டு. அவற்றைச் சேர்த்து வைத்து இலவசமாகக் கொடுக்கிறார்கள்: நோ மோர் ரேன்சம் என்ற தளம், ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் ஆரம்பித்தது. பூட்டிய ஃபைலில் ஒன்றிரண்டையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் சாவி இருக்கிறதா என்று சொல்லிவிடும். எங்களுடையதற்கு இதுவரை இல்லை. பத்து நிமிஷத்தில், ஒரு சென் செலவில்லாமல், தெரிந்துபோன விஷயம். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை.

மெயில் எப்படி வந்தது என்பதையும் அவனே விளக்கினான். அந்த வாடிக்கையாளரின் மெயில்பெட்டி ஏற்கெனவே திருடன் கையில். பழைய உரையாடலை எடுத்து, அதற்கே பதில் போடுவது போல வைரஸை அனுப்புவார்கள். எமோடெட் என்ற வைரஸ் இதைப் பெரிய அளவில் செய்தது; பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து 2021 ஜனவரியில் முடக்கினார்கள், அதே வருஷம் நவம்பரில் திரும்பி வந்தது. ஜிப்புக்கு பாஸ்வேர்ட் போடுவது மெயிலைச் சோதிக்கும் மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் அந்தப் பிடிஎஃப். பெயரில் பிடிஎஃப் என்று இருந்தது உண்மை, ஆனால் அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ என்று இருந்திருக்கிறது, அதாவது அது படிக்கிற ஃபைல் இல்லை, சொடுக்கினால் ஓடும் புரோகிராம். விண்டோஸ் அந்தக் கடைசி மூன்று எழுத்தை மறைத்தே காட்டும். 2000 மே மாதம் மணிலாவில் கிளம்பி உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸும் இதே மறைப்பை நம்பித்தான் காதல் கடிதம் போல வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை மறைத்தே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நாங்கள் இருவரும் நேரில் போய், ஃபைல் வராவிட்டால் போகிறது, 6,800 வெள்ளியைக் கொடுங்கள் என்றோம். "முயற்சி செஞ்சதுக்குத்தான் காசு அக்கா. டாக்டர்கிட்ட போனா, ஆள் பிழைக்கலேன்னா காசு திருப்பித் தருவாரா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டார். என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கிவிட்டது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழக்குப் போடலாம் என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் போடும் சிறு வழக்குக்கு 5,000 வெள்ளிதான் வரம்பு. பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை கேட்கும், ஆனால் அது சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்கு, எங்களுடையது வியாபாரம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், போலீஸ் ரிப்போர்ட்டும் செய்தாகிவிட்டது. அதனால்தான் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு அவசரமாகச் சொல்கிறேன், இன்னும் மலரைத் திரும்ப டைப் செய்யும் வேலை இருக்கிறது. விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரியும்படி இன்றைக்கே மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு ஜிப் வந்தால், அனுப்பியவருக்கு ஃபோன் போட்டுக் கேட்காமல் தொடாதீர்கள். வேர்ட், எக்செல் ஃபைல் திறந்ததும் மேக்ரோவை (ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன புரோகிராம்) அனுமதிக்கச் சொன்னால் மூடிவிடுங்கள். பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். பூட்டிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளுக்கான சைபர்999 உதவி மையத்துக்கு 1-300-88-2999. மோசடிக்காரனுக்கு வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி உதவி எண் 997. பிட்காயின் கட்டாதீர்கள். "லேப் இருக்கு" என்கிறவரிடம், பூட்டிய ஃபைலில் ஒன்றையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள், காட்டினால் மட்டும் காசைப் பற்றிப் பேசுங்கள்.

எங்களிடம் வேலை கொடுத்தவர்களுக்கு ஒன்று. எங்கள் மெயிலும் களவு போயிருக்கலாம் என்கிறான் அண்ணன் மகன். பாஸ்வேர்ட் மாற்றிவிட்டோம். ஆனாலும் எங்கள் அச்சகத்தின் பெயரில், உங்கள் பழைய மெயிலுக்குப் பதில் போல, ஜிப்போ பிடிஎஃபோ வந்தால் திறக்காதீர்கள். இப்போதைக்கு நாங்கள் யாருக்கும் அட்டாச்மெண்ட் அனுப்பவில்லை. ப்ரூஃப் பார்க்க வேண்டுமென்றால் கடைக்கு வாங்க.